பஞ்சர் கடை, மே இருபத்தொன்று

தொட்டித் தண்ணீரில் டியூபை அமுக்கிப் பிடித்தால்
ஓட்டை தானே பேசும்,
கொப்புளம் கொப்புளமாய்.
இருபத்தேழு வருடமாக என் பிழைப்பு
அந்தப் பேச்சைக் கேட்பது.

முவான்சாவில், கிரும்பா சந்தைக்கு ஏறும் மேட்டில்
தகர ஷட்டர், ஒரு பம்பு, சொலூஷன் நெடி.
லுஹெண்டே கடை என்றால் யாரும் கைகாட்டுவார்கள்.
மே இருபத்தொன்றில் மட்டும் திறக்க மாட்டான்
என்பதையும் சேர்த்தே சொல்வார்கள்.

அன்று நான் வெல்டருக்கு எடுபிடி.
பத்தொன்பது வயது.
ஒயர்ச் சுருளைத் தோளில் மாட்டிப் படகேறினேன்.
விக்டோரியா ஏரி என்கிறோம்.
எதிர்க்கரை கண்ணில் படாத நீருக்கு
வேறு ஏதாவது பெயர் வைத்திருக்கலாம்.
புகோபா கப்பல் வயிறு மேலே தெரியக் கிடந்தது,
கழுவிக் கவிழ்த்த அண்டா மாதிரி.
சுற்றிலும் வாழைத்தார்கள் மிதந்தன.
எல்லாம் பச்சை. சமைக்கிற காய்.
ஏரிக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் சோறு.

அந்த வயிற்றின்மேல் ஏறி நின்றோம்.
காலுக்கடியில் தட்டினார்கள்.

இதை நான் யாருக்கும் சொன்னதில்லை:
அவசரமே இல்லை அந்தத் தட்டலில்.
மூன்று தட்டு, ஓர் இடைவெளி, மூன்று தட்டு.
உள்ளே ஆள் இருக்கிறது என்று தெரிந்த விருந்தாளி
வாசலில் நின்று தட்டுவானே,
அப்படி, மரியாதையாக.
வெளியே நின்றது நாங்கள் என்றாலும்.

வருகிறோம் என்று கத்தினோம்.
சுத்தியலால் பதில் தட்டினோம்.
துளை போடச் சொன்னது யார் என்பதற்கு
பிறகு பல பேர் பல பேரைக் காட்டினார்கள்.
என்னை யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் நானும் போடத்தான் சொல்லியிருப்பேன்.

துளை விழுந்ததும் முதலில் வந்தது
கை இல்லை, குரல் இல்லை.
காற்று.
சீறிக்கொண்டு, வெதுவெதுப்பாக,
டீசலும் வியர்வையும் கலந்து
என் முகத்தில் அடித்தது.
அவர்கள் அதுவரை பங்கு போட்டுக்கொண்டது அது.
கப்பலைத் தூக்கிப் பிடித்திருந்ததும் அதுதான்.
படித்தவனுக்கு அப்போதே தெரிந்திருக்கும்.
எனக்கு இப்போது தெரியும்.
டியூபை அமுக்கிப் பார்த்த எவனுக்கும் தெரியும்.

கப்பல் இறங்கியது. படகுக்குத் தாவினோம்.
தட்டல் நின்றதை நான் கேட்கவில்லை.
தூரம் போனதைத்தான் கேட்டேன்.

இந்த வருஷமும் அதே தேதி.
ஷட்டரைப் போட்டுவிட்டு உள்ளே பாயில் கிடக்கிறேன்.
தகரத்தில் தட்டல்.
மூன்று.
இடைவெளி.
மூன்று.

எழுந்திருக்க எவ்வளவு நேரம் பிடித்ததோ.
வெளியே ஒரு பெண், சைக்கிளோடு.
பின்சக்கரம் சப்பையாகத் தரையோடு கிடந்தது.
ஹேண்டில்பாரில் ஒரு சின்னப் பெயிண்ட் டப்பா.
லீவு என்று சொன்னார்கள், தெரியும்,
இகோமா கல்லறைக்குப் போக வேண்டும் என்றாள்.

தொட்டியில் தண்ணீர் ஊற்றும்போதே சொன்னாள்:
அக்கா கொகுகோன்சா மூன்றாம் வகுப்பு.
அந்த வகுப்புக்கு டிக்கெட் உண்டாம்,
பெயர்ப் பட்டியல் கிடையாதாம்.
எந்தக் குழி என்று தெரியாததால்
வருஷத்துக்கு ஒரு கல்லில் எழுதுகிறாள்.
இதுவரை பதினேழு கல்.
"ஒன்றாவது சரியாக இருக்குமில்லையா?"

டியூபை அமுக்கினேன்.
வால்வுக்குப் பக்கத்திலேயே கொப்புளம்.
அதன்மேல் கட்டைவிரலை வைத்தேன்.
எடுக்கவில்லை.
தண்ணீருக்குள் கை விறைத்தது.
"என்ன, முள்ளா?" என்றாள்.
ஆணி என்றேன்.

உரசி, தடவி, ஒட்டி,
எந்த நாளும் எடுக்காத நேரம் எடுத்து
சக்கரத்தை மாட்டினேன். பம்பைக் கையிலெடுத்தேன்.
அடித்தேன்.
அவள் குனிந்து டயரை அழுத்திப் பார்த்தாள்.
"போதும், கல் மாதிரி ஆகிவிட்டது."
அடித்துக்கொண்டே இருந்தேன்.
"அண்ணா, போதும்."
இன்னும் கொஞ்சம், என்றேன்.